இதோ, ஐந்தே நிமிடம்!



நிக்காஹ் காலை 11 மணிக்கு. மண்டபத்திற்கு அரைமணி நேரப் பயணம். ஆகவே 10.30க்குப் புறப்பட்டால் போதும் என்று கணக்கிடுகின்றோம். குழந்தையின் காலணியையும் வீட்டுச் சாவியையும் தேடும் நேரம் அக்கணக்கில் இல்லை. ஆட்டோவுக்குக் காத்திருக்கும் நேரமும் இல்லை. துஆ ஓதி முடிந்தபின் போய்ச் சேருகின்றோம். (விருந்துக்குத் தாமதமாவோர் மிகக் குறைவு என்பது வேறு செய்தி!)

தாமதத்தைச் சோம்பல் என்று ஏசுவது வழக்கம். பெரும்பாலும் அது கணக்குப் பிழையே. கனடாவின் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டனர். சராசரி விடை ஏறத்தாழ 34 நாட்கள். எல்லாமே தடைப்பட்டால்? ஏறத்தாழ 49 நாட்கள் என்றனர். உண்மையில் ஆனதோ 55 நாட்களுக்கும் மேல்!

ஆகவே, மனக்கணக்கை நம்பாதீர்கள். குளிக்க, உடுத்த, வீட்டைப் பூட்ட ஆகும் நேரத்தை ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். கடிகாரத்தை முன்கூட்டி வைப்பது வீண். வைத்தவருக்கே அந்த இரகசியம் தெரியும்! நாட்காட்டியில் நிக்காஹ் நேரத்தைக் குறிக்காமல், வாசற்படி தாண்டவேண்டிய நேரத்தைக் குறியுங்கள்.

அத்தாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாளிலும் "இதோ, ஐந்தே நிமிடம்" என்னாதீர்கள். அளந்த நேரத்தையே சொல்லுங்கள். வெளுத்த சட்டை அணிந்து, காலை முதலே திண்ணையில் அமர்ந்திருக்கிறார் அவர்.