32 கோடி ரூபாய்க்கு ஒரு விளையாட்டு வாள்!

புளியங்குடி போன்ற ஊர்களில் திருவிழா வந்தால், பொம்மைக் கடைகளும் வந்துவிடும். பொத்தானை அழுத்தினால் ஒளிவிடும் பிளாஸ்டிக் வாளைக் கண்டால் சிறுவர்கள் விடமாட்டார்கள். இரண்டு நாளில் அது உடைந்து மூலையில் கிடக்கும்.

அந்த வாளுக்கு மூதாதையான ஒரு வாள், சுமார் 32 கோடி ரூபாய்க்கு விலை போயிருக்கிறது!

2025 செப்டம்பர் மாதம், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அந்த ஏலம் நடந்தது. "ஸ்டார் வார்ஸ்" விஞ்ஞானப் படங்களில் டார்த் வேடர் என்ற கறுப்பு முகமூடி வில்லன் சண்டையில் பிடித்த வாள் அது. விலை 36 லட்சத்து 54 ஆயிரம் டாலர்.

இதற்கு முன், 2022 ஆகஸ்டில், அதே வரிசையின் முதல் படத்தில் வந்த ஒரு துப்பாக்கி 10 லட்சத்து 57 ஆயிரத்து 500 டாலருக்கு ஏலம் போனது.

தங்கமா, வைரமா?

இரண்டும் இல்லை. அந்தத் துப்பாக்கி, ஜெர்மனியின் பழைய "மவுசர்" கைத்துப்பாக்கியில் சில பாகங்களை ஒட்டிச் செய்தது. 1977-ல் வந்த முதல் படத்தில் கதாநாயகனின் வாள்பிடி எது தெரியுமா? பழைய காமிராவின் "பிளாஷ்" விளக்குப் பிடிதான்! லண்டன் கடை ஒன்றில் அதை வாங்கி, ரப்பர்த் துண்டுகளை ஒட்டினார்கள். வாளின் ஒளியைப் படம் எடுத்த பிறகு வரைந்து சேர்த்தார்கள்.

பிறகு ஏன் இந்த விலை? சாட்சிதான் காரணம். "இந்தப் படத்தில், இந்தக் காட்சியில் இருந்தது இதுவே" என்று ஆதாரம் காட்ட முடிகிறது. கீறல்கூட அடையாளம் ஆகிறது.

அசலை வாங்க முடியாதவர்கள் நகலை வாங்குகிறார்கள். படத்தைப் பார்த்துப் பார்த்துத் தாங்களே செய்கிறவர்களும் உண்டு. அது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் நகல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அசல் ஆகாது. "பின்னால் லட்சக்கணக்கில் விலை போகும்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தைக் கொட்டக்கூடாது.

எச்சரிக்கையும் தேவை. நிஜம் போன்ற பொம்மைத் துப்பாக்கியை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. லைசென்ஸ் இல்லாமல் போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவது, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

நம் நாட்டில்...

தமிழிலும் விஞ்ஞானப் படங்கள் உண்டு. 1963-லேயே எம்.ஜி.ஆர். நடித்த "கலை அரசி"யில் வேற்றுக் கிரகத்தார் பறக்கும் தட்டில் வந்து இறங்கினார்கள். 2010-ல் "எந்திரன்" வந்தது.

ஆனால் நம் வழக்கம் வேறு. ஒரு படத்தில் ராஜா பிடித்த வாள், வர்ணம் மாறி அடுத்த படத்தில் தளபதியின் கைக்குப் போகும். அது ஒடிந்தால் குப்பைக்குப் போகும். சிக்கனம் நல்லதுதான். ஆனால் அதோடு ஒரு கதையும் போய்விடுகிறதே!

சினிமாவுக்கு மட்டும் அல்ல, இது கோவில் கொடையில் நடக்கும் நாடகத்துக்கும் பொருந்தும். தாத்தா கட்டிய கிரீடமும், பிடித்த மரவாளும் இன்னும் சில வீடுகளின் பரணில் இருக்கலாம். அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். எந்த நாடகம், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் நடித்தது என்று ஒரு சீட்டில் எழுதி, வாளோடு சேர்த்துக் கட்டி வைக்கலாம்.

அதற்குக் கோடி ரூபாய் கிடைக்காமல் போகலாம். ஆனால் பேரன் கேட்கும்போது சொல்ல ஒரு கதை இருக்கும். கதையை நம்ப ஒரு சாட்சியும் இருக்கும்!