கட்டுமான மேலாண்மைப் பட்டம்: தேர்வாளர் இடம் காலியாக இருக்கிறது

பிளஸ் டூ முடிவு வரும் வாரங்களில் நம் துறைக்காரர்களின் கைபேசிக்கு வரும் கேள்வி மாறியிருக்கிறது. முன்பு, "எந்தக் கல்லூரியில் சிவில் நல்லா இருக்கும்?" என்பார்கள். இப்போது, "கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்னு தனியாவே டிகிரி இருக்காமே, சேர்க்கலாமா சார்?" என்கிறார்கள். நம்மில் பலர் மழுப்பிவிடுகிறோம். அந்தப் பட்டத்தை எதை வைத்து மதிப்பிடுவது என்று நாம் யோசித்ததில்லை.

யோசிக்க வேண்டிய தேவையும் இல்லாதிருந்தது. இந்தியாவில் கட்டுமான மேலாண்மை நீண்ட காலம் மேற்படிப்பாகவே இருந்தது. கட்டுமான நிறுவனங்களின் ஆதரவோடு 1983இல் தொடங்கிய நிக்மார் முதுநிலைப் பட்டயங்களால் பெயர் பெற்றது. சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.களில் எல் அண்ட் டி உதவித்தொகையோடு மாணவர்கள் எம்.டெக். படித்தார்கள். சிவில் முடித்தவருக்குக் கட்டமைப்பும் மண்ணும் கான்கிரீட்டும் ஓரளவு கைவந்திருக்கும். அதன்மேல் மேலாண்மை ஏறும். இளநிலையிலேயே இதைப் படிக்க வருபவர் 17 வயதில், அடித்தளம் ஏதுமில்லாமல் வருகிறார். ஆகவே மேற்படிப்பை அளந்த கோலால் இதை அளக்க முடியாது.

வழக்கமாகப் பார்க்கப்படும் முதல் அளவுகோல் அங்கீகாரம். இந்தியா 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது முதல், தேசிய அங்கீகார வாரியத்தின் முத்திரைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. பாடத்தின் நோக்கம், அது தொடும் பட்டதாரிப் பண்பு, எட்டிய அளவு என்று ஒவ்வொன்றையும் எழுதிக் காட்டச் செய்வது நல்ல ஒழுங்குதான். நடைமுறையில் என்ன ஆகிறது என்பது பேராசிரியர்களுக்குத் தெரியும். 1, 2, 3 என்ற எண்களால் கட்டங்களை நிரப்புவதே தனி வேலையாகிவிடுகிறது. ஒரு பாடம் 'திட்ட மேலாண்மையும் நிதியும்' என்ற பண்புக்கு 3 பெற்றிருக்கும். அதைப் படித்த மாணவர் ஒரு ஆர்.ஏ. பில்லைச் சரிபார்க்கத் தெரிந்தவரா என்பதை அந்த 3 சொல்லாது.

இரண்டாவது பிளேஸ்மென்ட். மென்பொருள் நிறுவனத்துக்குப் போனவரும் இந்தக் கணக்கில் வெற்றிதான். பிளானிங் இன்ஜினியராகச் சேர்ந்தவரும், அதே பதவிப் பெயரில் நாள்முழுதும் எக்செல் தாளில் ஆள் வருகை ஏற்றுபவரும் ஒரே எண்ணாகத்தான் கூட்டப்படுகிறார்கள். சேர்ந்தவர் மூன்றாம் ஆண்டு இறுதியில் என்ன பொறுப்பில் இருக்கிறார் என்று கேட்டால் படிப்பின் தரம் தெரியும். அந்தக் கணக்கை வைத்திருக்கும் துறைகள் குறைவு.

இந்தப் பட்டம் வேரூன்றிய அமெரிக்காவில் 1974இல் உருவான ஏ.சி.சி.இ. என்னும் கட்டுமானக் கல்வி அவை இதற்கென்றே தனி அங்கீகாரம் தருகிறது. பல்லாண்டுகள் அது பயன்படுத்திய பட்டியலில் 20 கற்றல் விளைவுகள். அவற்றில் ஐந்தை மாணவர் தாமே உருவாக்கிக் காட்ட வேண்டும்: எழுத்துத் தொடர்பு, வாய்மொழி விளக்கம், பாதுகாப்புத் திட்டம், மதிப்பீடு, கால அட்டவணை. தொழில் அறம், வரைபடங்களும் ஆவணங்களும், வேலை முறைகள் ஆகிய மூன்றும் பகுத்தாயும் நிலையில் உள்ளன. குழுவாக வேலை செய்தல், மென்பொருள், சர்வே ஆகிய மூன்றும் செயல்படுத்தும் நிலையில். ஒப்பந்தச் சட்டம், செலவுக் கட்டுப்பாடு, தர உறுதி, கட்டமைப்பின் நடத்தை உள்ளிட்ட மீதி ஒன்பதையும் புரிந்துகொண்டால் போதும்.

எதைச் செய்து காட்ட வேண்டும், எதைத் தெரிந்திருந்தால் போதும் என்று வெளிப்படையாகப் பிரித்ததுதான் இந்தப் பட்டியலின் சிறப்பு. அதற்காக அப்படியே பெயர்த்துக்கொள்ள முடியாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். கட்டமைப்பு வடிவமைப்பிலிருந்த குறைகள் பின்னர் வெளிவந்தன. வரைபடத்தில் இருப்பதைக் கட்டுவது மட்டுமே தன் வேலை என்று சைட்டில் இருப்பவர் நினைத்துக்கொள்ளும் நாட்டில், கட்டமைப்பின் நடத்தை 'புரிந்தால் போதும்' வரிசையில் இருக்கக் கூடாது. தூண் மெலிந்திருக்கிறதே என்று சந்தேகப்பட்டு வடிவமைப்பாளருக்கு எழுதிக் கேட்கும் அளவுக்காவது நம் பட்டதாரிக்கு அது பகுத்தாயும் நிலையில் வேண்டும். ஒப்பந்தமும் அப்படித்தான். தாமதத்துக்கான கடிதத்தைக் கெடு முடிவதற்குள் எழுதாததால் கால நீட்டிப்பை இழந்த ஒப்பந்ததாரர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கிறார்கள்.

நிலைகளைப் பிரித்தால் மட்டும் போதாது, சோதிக்கும் முறையும் பொருந்த வேண்டும். 5 மீட்டர் ஸ்பான் உள்ள ஸ்லாபுக்கு முட்டு எத்தனை நாள் நிற்க வேண்டும்? ஐ.எஸ். 456:2000 சொல்வது 14 நாள், 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள். தேர்வுத்தாளில் இது இரண்டு மதிப்பெண் கேள்வி. சைட்டில் அது வேறு உருவில் வரும். ஒன்பதாம் நாள் காலையில் சென்ட்ரிங் மேஸ்திரி வந்து நிற்பார்: "மேல் மாடிக்கு ஷீட்டும் முட்டும் வேணும் சார், ஆளுங்க சும்மா நிக்கிறாங்க, கூலி யார் தர்றது?" ஏழாம் நாள் கியூப் ரிசல்ட்டும் நன்றாகவே வந்திருக்கும். உரிமையாளரின் பிரதிநிதி அட்டவணையை நீட்டுவார். அந்த இடத்தில் 'முடியாது' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்பவர் மேலாளர் அல்ல. முட்டை உடனே திரும்பக் கொடுத்து ஷீட்டை மட்டும் கழற்ற விதி இடம் தருகிறதா, இன்னொரு செட் முட்டை வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும், அது சும்மா நிற்கும் கூலியைவிடக் குறைவா, சப் கான்ட்ராக்ட் ஆவணத்தில் அந்தக் கூலி யார் தலையில் விழுகிறது, முட்டுச் சுழற்சி அட்டவணையில் ஏன் முன்பே காட்டப்படவில்லை என்று அரை மணி நேரத்துக்குள் யோசித்து முடிவெடுத்து, அதை எழுத்திலும் பதிய வேண்டும். விதி, செலவு, காலம், ஒப்பந்தம், ஆள் என ஐந்து பாடங்கள் ஒரே கேள்விக்குள் வந்துவிட்டன. நம் தேர்வுகள் இந்த ஐந்தையும் ஐந்து தாள்களில், ஐந்து நாள்களில் கேட்கின்றன.

இதைச் சேர்த்துச் சோதிக்க வழி உண்டு. கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம், வீடு, வணிகக் கட்டடம், கனரகச் சிவில் வேலை என்று வேலை வகைவாரியாக ஆய்வகப் பாடங்களை அமைத்து, மதிப்பீட்டையும் அட்டவணையையும் ஒப்பந்தத்தையும் ஒன்றாகக் கற்பிக்கிறது. அமெரிக்கக் கட்டுமானக் கல்லூரிகள் ரெனோவில் நடத்தும் மாணவர் போட்டியில், நிறுவனங்கள் தாம் செய்த உண்மையான வேலையின் ஆவணங்களைக் காலையில் கொடுக்கின்றன. மாணவர் குழு இரவுக்குள் மதிப்பீடு, அட்டவணை, சைட் ஏற்பாடு எல்லாவற்றையும் தயாரித்துத் தர வேண்டும். பிறகு அதே நிறுவனத்தார் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். தேர்வாளர் அந்த வேலையைச் செய்தவர் என்பதால் அங்கே மனப்பாடம் செல்லாது.

சைட் பயிற்சியின் நீளமும் கணக்கில் வர வேண்டும். பிரிட்டனில் இந்தப் பட்டங்கள் பலவற்றில் இறுதியாண்டுக்கு முன் ஓராண்டு நிறுவனத்தில் வேலை செய்யும் சாண்ட்விச் முறை இருக்கிறது. நமக்கும் அது அந்நியமல்ல, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்புகள் பெயர் பெற்றவை. கோடை விடுமுறையில் சில வாரம் போய், ஹெல்மெட்டோடு படம் எடுத்துச் சான்றிதழ் வாங்கி வருவதை நாம் இன்டர்ன்ஷிப் என்கிறோம். அஸ்திவாரம் தோண்டுவது முதல் ஒரு ஸ்லாப் போட்டு முடிப்பது வரையாவது ஒரே சைட்டில் மாணவர் இருக்க வேண்டும். எம்-புக்கில் அவர் எடுத்த அளவை பில்லிங் இன்ஜினியர் திருத்தியிருக்க வேண்டும். அந்தத் திருத்தம் எந்தப் பாடத்தையும்விட அதிகம் கற்றுத்தரும்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 தொழில்முறையாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. அந்தப் பதிவுக்கும் அரசுப் பணிக்கும் மேற்படிப்புக்கும் இந்தப் பட்டம் சிவில் பொறியியலுக்கு இணையாக ஏற்கப்படுமா என்பதைக் கல்லூரி எழுத்தில் தர வேண்டும். பெயரில் 'மேனேஜ்மென்ட்' இருப்பது மட்டும் பதிலாகாது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி கல்லூரிகளைப் பற்றியது. குறை பாதிக்கு மேல் நம்முடையது. பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதியாக நம்மை அழைக்கிறார்கள். போகிறோம், "பிராக்டிகல் போதாது" என்கிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். கேள்வித்தாள் கேட்டால் நேரமில்லை. ஆவணம் கேட்டால் ரகசியம். மாணவரை அனுப்பினால் சைட்டில் யாருக்கும் அவர் மீது பொறுப்பில்லை. பிறகு, வந்த பட்டதாரிக்கு ஒன்றும் தெரியவில்லை என்று குறைப்படுகிறோம். நாம் கைவிட்ட தேர்வாளர் இடத்தில் மதிப்பெண் கட்டங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

ஆகவே இந்த இதழ் தன் வாசகர்களிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறது. முடிந்த வேலை ஒன்றின் வரைபடம், அளவுப் பட்டியல், அட்டவணை, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைப் பெயரும் விலையும் நீக்கி அருகிலுள்ள கல்லூரிக்குக் கொடுங்கள். அதை வைத்து நடக்கும் இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் ஒரு நாள் முழுதும் உட்காருங்கள். தேறாதவரைத் தேறவில்லை என்று எழுதுங்கள். உங்களிடம் சேர்ந்த பட்டதாரி மூன்றாம் ஆண்டில் எதைத் தனியாகச் செய்கிறார், எதைச் செய்ய முடியவில்லை என்று அவர் படித்த துறைக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அப்படி வரும் ஆவணத் தொகுப்புகளைக் கேள்விகளோடு வெளியிட இந்த இதழில் பக்கம் ஒதுக்குகிறோம். இவற்றைச் செய்யாத நிறுவனத்துக்கு, பட்டதாரிகளின் தரம் பற்றிப் பேச உரிமை குறைவு.