நரம்புத் தளர்ச்சி என்னும் பொய்

"சின்ன வயசுப் பழக்கம், இப்ப நரம்பு தளர்ந்துபோச்சு." மண்டபத்தூரில் வலை பழுதுபார்க்கும் கொட்டகையிலும் இதைக் கேட்கலாம், காரைக்கால் டவுனில் படித்தவர் வாயிலும் கேட்கலாம். ஆண்மைக் குறைவுக்கு ஊரே ஒப்புக்கொண்ட காரணம் இந்தக் கைப்பழக்கம்தான். ஊரே சொன்னாலும் பொய் பொய்தான்.

விறைப்பு என்பது பெரும்பாலும் ரத்த ஓட்டத்தின் வேலை. குறிக்குள் பஞ்சு போன்ற இரண்டு திசுத்தண்டுகள் இருக்கின்றன. அவற்றில் ரத்தம் நிரம்பி, வடியாமல் தங்க வேண்டும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பீடி சிகரெட் எல்லாம் அந்த ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. சர்க்கரை நரம்பையும் சேர்த்து அரிக்கிறது. இதயத்தின் குழாயைவிட இந்தக் குழாய் குறுகியது. அதனால் அடைப்பு பல நேரங்களில் இங்கேதான் முதலில் தெரியும், நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பே. ஐம்பது வயதுக்காரர் தன் பதினாறு வயதை நினைத்துக் குமைகிறார். அவர் உடம்போ மாரடைப்பு வரலாம் என்று எச்சரிக்கிறது.

இந்தக் குற்ற உணர்ச்சியை வைத்துத்தான் ஒரு வியாபாரமே நடக்கிறது. லாட்ஜ் அறையில் வந்து உட்காரும் வைத்தியர் நாடி பிடித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சின்ன வயசுல பழக்கம் உண்டா?" என்பதுதான். யார் இல்லை என்பார்? தலை குனிந்தவுடன் லேகியத்தின் விலை ஏறிவிடும். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனாலும் பஸ் நிலையக் கழிப்பறைச் சுவர்களில் நோட்டீஸ் காய்வதில்லை. 'மூலிகை' என்று விற்ற பொடிகளில் சில்டெனாஃபில் மாத்திரையைக் கலந்திருந்தது பல நாட்டுச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர் அந்தப் பொடியைத் தின்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

மாத்திரை, ஊசி, வெற்றிடப் பம்பு எதுவுமே பலிக்காதவர்களுக்கு ஆபரேஷன் இருக்கிறது. இதைச் சொன்னால் "அதுக்கு மேல ஆம்பளையா?" என்று கேட்கிறார்கள். 1973இல் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் குழுவினர் காற்றடைப்பது போல உப்பவைக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார்கள். குறிக்குள் இரண்டு குழல்கள், விதைப்பையில் சிறு பம்பு, வயிற்றுக்குள் உப்புநீர்ப் பை. பம்பை அழுத்தினால் நீர் குழலுக்கு வரும், விசையைத் தொட்டால் திரும்பிப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. மடக்கி நிமிர்த்தும் எளிய தண்டும் உண்டு. மும்பை மருத்துவர் ரூபின் ஷா இந்தியாவிலேயே அப்படி ஒன்றை வடிவமைத்தார், விலையும் மிகக் குறைவு. ஆசை, உணர்ச்சி, விந்து எதையும் கருவி பறிப்பதில்லை. அதற்காக இது முதல் மருந்தும் அல்ல. வைத்த பிறகு பழைய திசு இயல்பாக விறைக்காது. கிருமி தொற்றினால் கருவியை எடுக்க வேண்டியிருக்கும், சர்க்கரை கட்டுப்படாதவருக்கு அந்த ஆபத்து கூடுதல். இவ்வளவையும் மேசையில் வைத்துப் பேசும் மருத்துவரைத் தவிர்த்துவிட்டு, எதையும் சொல்லாமல் டப்பாவை நீட்டுகிறவரை நம்புகிறோம். பல்லுக்கும் மூட்டுக்கும் இதயத்துக்கும் செயற்கை உறுப்பு வைத்துக்கொள்வதில் இல்லாத அவமானம் இதில் மட்டும் எங்கிருந்து வந்தது?

அண்ணன்மாரே, லேகியத்துக்கு எடுத்து வைத்த காசில் முதலில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பாருங்கள். பிறகு சிறுநீரியல் மருத்துவரிடம் போங்கள்; புதுச்சேரி ஜிப்மரில் அதற்கென்றே துறை இருக்கிறது. போகும்போது மனைவியையும் கூட்டிப்போங்கள்.