பெயரில்லாப் பொட்டலம்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து காய்ச்சல், மூட்டுவலி என்று கிளினிக்குக்குப் போனவர் திரும்பும்போது, பல நேரம் கையில் இருப்பது ஒரு காகிதக் கவர்தான். உள்ளே அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட மாத்திரைகள். ‘வெள்ளை ரெண்டு வேளை, சிவப்பு ராத்திரிக்கு மட்டும்.’ என்ன நோய், என்ன மருந்து என்று மருத்துவர் சொல்வதில்லை, நோயாளியும் கேட்பதில்லை. இந்த வழக்கம் தவறு. பழகிப்போனது என்பதால் அது சரியாகிவிடாது.

அந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட ஒருவருக்கு நான்கு நாளில் உடம்பெல்லாம் தடித்துப்போக, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். “என்ன மருந்து சாப்பிட்டீங்க?” என்கிறார் பணியிலிருக்கும் மருத்துவர். “ஏதோ வெள்ளை மாத்திரைங்க.” அங்கே சிகிச்சை இருட்டில் தொடங்குகிறது. நடவுக்கும் களைக்கும் குனிந்து நிமிர்கிற பெண்கள் மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கலந்து வரும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். பெயர் தெரியாத மருந்தை எப்படி நிறுத்துவது?

2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. மருந்துச் சீட்டில் மருத்துவரின் பெயரோடு பதிவு எண் வேண்டும். கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது. மருந்தின் பொதுப்பெயரைப் படிக்கும்படி எழுத வேண்டும் என்பது 2016 திருத்தத்தில் வலியுறுத்தப்பட்டது. சென்னை கார்ப்பரேட் மருத்துவமனைக்கு ஒரு சட்டம், உத்திரமேரூர் பக்கத்து மானாம்பதிக்கு ஒரு சட்டம் என்று கிடையாது.

உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். அதே வட்டாரத்துத் திருமுக்கூடலை ஏனோ மறந்துவிடுகிறோம். 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், அங்குள்ள பெருமாள் கோயிலில் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடந்தது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். வில்வாதி கிருதம், மண்டூரவடகம், தசமூல ஹரீதகி என்று இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஆதுலசாலை கோயில் பணியாளருக்கும் அங்கே படித்த மாணவருக்கும்தான், ஊர் மக்களுக்கு அல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மருந்தின் பெயரைச் சுவரில் எழுதிவைத்த மண்ணில் இன்று அதைச் சீட்டில் எழுத மனமில்லை.

மருத்துவர் தரப்பிலும் நியாயம் உண்டு. கிராமத்தில் தங்குகிற மருத்துவர் குறைவு. மாலையில் வாசல் நிறையக் கூட்டம். வாங்குவதும் சொற்பக் கட்டணம். ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்து, 2020இல் மறைந்த வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடத்தைப் போல எல்லோரும் இருக்க வேண்டும் என்பது பேராசை. ஒரே நாளில் குணமாக வேண்டும், ஊசி போட்டே ஆக வேண்டும், போடாதவர் கைராசியில்லாதவர் என்று நாம் பிடிக்கும் அடமும் மருத்துவரைக் கெடுக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்கு ஊசி கேட்டு வாங்குகிறவருக்கும் இந்தக் குற்றத்தில் பங்கிருக்கிறது.

ஆனால் ஒன்றில் சலுகை தர முடியாது. நெஞ்சுவலி என்று வந்தவரை ‘கேஸ்தான்’ என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புவது மன்னிக்க முடியாதது. மாரடைப்பில் முதல் சில மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. தன்னால் ஆகாது என்று தெரிந்த நிமிடமே 108ஐ அழைத்து, கொடுத்த மருந்தைச் சீட்டில் எழுதி அனுப்புவதுதான் குடும்ப மருத்துவரின் முதல் கடமை. ஆள் கைவிட்டுப் போய்விடுவார் என்று தயங்குகிறவர் அந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

அடுத்த முறை கவரை நீட்டும்போது, “என்ன மாத்திரைன்னு எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். எழுதித் தரவே மாட்டேன் என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள்.