இறுக்கினால் மட்டும் நிற்காது

பழைய சைக்கிளுக்கு மோட்டார் மாட்டுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பால் ஊற்றுகிறவர், பேப்பர் போடுகிறவர், முட்டி வலியால் மிதிக்க முடியாமல் போன பெரியவர், வேலைக்குப் பத்து கிலோமீட்டர் போய்வரும் பையன் என்று பலரையும் பார்க்கிறேன். ஒரு மோட்டார், ஒரு பேட்டரி, ஒரு கன்ட்ரோலர், ஒரு செயின் கிடைத்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வண்டி தயார். எனக்கு இதில் மனம் நிறைந்த மகிழ்ச்சி. தன் வண்டியைத் தானே திருத்திக்கொள்ளும் கை ஊரில் இன்னும் இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் அதை மோட்டார் வாகனமாகக் கணக்கில் எடுப்பதில்லை. மின்சார வண்டிக்கு அந்த வரம்பு 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற அளவில் இருக்கிறது. வெளிநாட்டு கிட்டுகளில் வரும் 49, 66 சி.சி. எஞ்சின்கள் இதற்குள் அடங்காது. அவற்றைச் சாலைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

இந்த வண்டிகளில் முதலில் தகராறு செய்வது பெரும்பாலும் மோட்டாரோ பேட்டரியோ அல்ல. பின்சக்கரத்தின் இடப்பக்கம் பல்சக்கரத்தை ஹப்போடு சேர்க்கிற அடாப்டர்தான். சைக்கிள் ஹப்பின் வலப்பக்கம் மிதிக்கும் செயினுக்கான ஃபிரீவீல் இருக்கிறது. மோட்டாரின் செயின் இடப்பக்கம்தான் போக வேண்டும். சாதாரண ஹப்பில் அங்கே எதையும் மாட்ட இடமில்லை. வழுவழுப்பான உருளையும் ஸ்போக்கும்தான் இருக்கும். இல்லாத இடத்தை உண்டாக்கிக் கொடுப்பதற்காக வந்ததுதான் அடாப்டர்.

அது வழுக்கத் தொடங்கினால் அறிகுறி தெளிவாகத் தெரியும். கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் மோட்டார் உறுமும், வண்டி நகராது. சற்று நேரத்தில் 'கிரக்' என்று ஒரு சத்தம். அதோடு விட்டால் பரவாயில்லை. நழுவிய பல்சக்கரம் பக்கவாட்டிலும் நகரும், செயின் கோணும், ஒருநாள் பல்லைவிட்டு இறங்கி ஸ்போக்கில் சிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டியும் ஆளும் தரையில். அதனால்தான் இதைச் சின்ன விஷயமாக நினைத்து விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

கோவை ஆவாரம்பாளையத்தில் நண்பர் ஒருவருடைய லேத் பட்டறையில் இப்படி ஒரு சக்கரம் வந்து இறங்கியதைப் பார்த்தேன். கொண்டுவந்தவர் பால் ஊற்றும் இளைஞர்.

"அண்ணா, எவ்வளவு முறுக்கினாலும் சுத்துது. இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க."

நண்பர் ஸ்பேனரைத் தொடவில்லை. சக்கரத்தை மடியில் சாய்த்து, அடாப்டரின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தைக் காட்டினார்.

"இங்க பாருங்க தம்பி. ரெண்டு பாதியும் ஒண்ணோடு ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குது. இனி நீங்க முறுக்குறதெல்லாம் போல்ட்டுக்குத்தான் போகும், ஹப்புக்கு ஒண்ணும் போகாது."

முழு நோயும் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. பிடிக்கிற அடாப்டர் இரண்டு பாதியாக இருப்பதே, நடுவில் இடைவெளி விட்டு ஹப்பை நெருக்குவதற்காகத்தான். அந்த இடைவெளி மூடிப்போனால் பிடி முடிந்தது. அதற்குமேல் முறுக்கினால் போல்ட்டின் மரை போகும், இல்லாவிட்டால் போல்ட்டே அறுந்துபோகும்.

கழற்றிப் பார்த்தபோது ஹப்பின் மேல் கறுப்புக் களிம்பு. அலுமினியம் உரசி உரசித் தூளாகி, கிரீஸோடு கலந்தது. துடைத்தால் உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் ஒரு வளையம். வெர்னியரை மூன்று இடத்தில் வைத்து அளந்தார். இரண்டு ஓரத்தைவிட நடுவில் ஹப் மெலிந்திருந்தது. அடாப்டரின் துளை ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். ஹப் அதைவிடச் சிறியது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டதே இரண்டு கோடுகளில்தான்.

இறுக்கினால் போதும் என்று ஏன் எல்லோருக்கும் தோன்றுகிறது? அங்கே வருகிற விசையின் அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் பேட்டரியும் சேர்ந்து 100 கிலோ. நூறடிக்குப் பத்தடி உயரும் மேடு. ஏறுவதற்கு டயர் தரையைத் தள்ள வேண்டிய விசை சுமார் 10 கிலோ. 26 அங்குலச் சக்கரத்தின் ஆரம் 33 சென்டிமீட்டர். 44 பல் கொண்ட பல்சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். ஆகவே செயினின் இழுவை 37 கிலோ. ஹப்பைப் பிடிக்கும் துளையின் ஆரமோ 1.9 சென்டிமீட்டர்தான். அந்த மேற்பரப்பில் அடாப்டர் தாங்க வேண்டியது 170 கிலோவுக்கு மேல்! டயரில் 10 கிலோவாக இருப்பது ஹப்பில் பதினேழு மடங்காகிவிடுகிறது. அத்தனையையும் வெறும் உராய்வால் பிடித்து நிறுத்தச் சொல்கிறோம். அதிலும் எண்ணெய் பட்டால் உராய்வு இன்னும் குறைந்துவிடும்.

நண்பர் செய்த வைத்தியம் இது. முதலில் ஹப்பையும் துளையையும் பெட்ரோலால் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, மினுமினுப்பை எடுத்தார். பிறகு ஹப்பின் அளவுக்கு ஒரு புஷ் கடைந்தார். அதன் வெளிப்புறம் அடாப்டரின் துளைக்கும், உட்புறம் ஹப்பின் வளைவுக்கும் பொருந்தும். அதை நீளவாக்கில் பிளந்து இரண்டாக்கி உள்ளே வைத்தார். பாதிகளுக்கு நடுவே மெல்லிய தகட்டை வைத்து இறுக்கி, துளையை ஒருமுறை கடைந்து, பிறகு தகட்டை எடுத்துவிட்டார். அந்தத் தகட்டின் கனம்தான் இனி பிடிக்கான இடைவெளி. போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி முறுக்கினார். குளிர்பான டப்பாவின் தகட்டை வெட்டிச் சுற்றுகிறவர்களும் உண்டு. ஒரு சுற்று என்றால் சரி. மூன்று நான்கு சுற்று போட்டால் தகட்டுக்குள் தகடு வழுக்கும்.

வெல்டு வைத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சூட்டில் ஹப்பின் உள்ளே பால்ஸ் ஓடும் கிண்ணத்தின் கடினம் போய்விடும், உருளை கோணும். அலுமினிய அடாப்டரை இரும்பு ஹப்போடு சாதாரண வெல்டால் ஒட்டவும் முடியாது. துளை போட்டு ஊசிமுனைத் திருகு இறக்குவது நல்ல யோசனைதான். ஆனால் ஹப்பின் சுவர் மெல்லியது. குழி விழுந்தால் போதும், ஊடுருவிவிடக் கூடாது.

ஸ்போக்கைப் பிடிக்கும் வகை இன்னொன்று: இரண்டு ரப்பர் வட்டங்களுக்கு நடுவே ஸ்போக்கை வைத்து ஒன்பது போல்ட்டால் இறுக்குவது. அந்த ஒன்பது துளை 36 ஸ்போக் சக்கரத்துக்கு வகுத்தது. ஒரு பக்கம் பதினெட்டு ஸ்போக், இரண்டு ஸ்போக்குக்கு ஒரு போல்ட். நம்முடைய பழைய கறுப்பு சைக்கிளின் பின்சக்கரத்தில் 40 ஸ்போக். பக்கத்துக்கு இருபது. ஒன்பது அதில் எப்படிப் பொருந்தும்? பொருத்தியே தீருவேன் என்று முறுக்கினால் ஸ்போக் வளையும், பிறகு ஒவ்வொன்றாக அறுந்துவிழும்.

மரை உள்ள ஹப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வலப்பக்க ஃபிரீவீலை நாம் மிதிக்க மிதிக்க மரை இறுகும். அதே வலது மரை இடப்பக்கம் இருந்து, அதில் பல்சக்கரத்தைத் திருகி மோட்டாரால் இழுத்தால் ஒவ்வோர் இழுப்பும் அதைக் கழற்றும். டிஸ்க் பிரேக்குக்காக மரையில் ஏறும் அடாப்டரைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். பிரேக் பிடிக்கும் விசை பின்னோக்கியது, அதனால் அங்கே மரை இறுகும். மோட்டாரின் விசை முன்னோக்கியது, அதனால் கழலும். பசை ஊற்றினாலும் இந்தத் திசை மாறாது. இடது மரை உள்ள ஹப் வேண்டும். அல்லது எதிர்மரை நட்டு ஒன்று அதைப் பூட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி, டிஸ்க் பிரேக் ஹப். இடப்பக்கம் 44 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு துளை. ஆறு போல்ட்டிலும் லாக்டைட் என்ற மரைப்பசை தடவிப் பல்சக்கரத்தை ஏற்றினால், விசையை உராய்வோடு போல்ட்டும் சேர்ந்து தாங்கும். பின்சக்கரத்தை நிறுத்துகிற விசைக்காகவே செய்த இடம் அது; சின்ன மோட்டாரின் இழுவை அதற்குப் பெரிய பாரமல்ல. ஒரு எச்சரிக்கை: பல்சக்கரம் அங்கே ஏறினால் டிஸ்க்குக்கு இடமில்லை. ரிம்மைப் பிடிக்கும் பின் பிரேக் போட உங்கள் ஃபிரேமிலும் ரிம்மிலும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் அதில் இறங்க வேண்டும். பின் பிரேக் இல்லாத, மோட்டார் மாட்டிய சைக்கிளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நம் ஊரில் கைவேலைக்குப் பஞ்சமில்லை. நுணுக்கமான லேத் வேலையும் ஒரு தெரு தள்ளிக் கிடைக்கும். குறைவது பொறுமையாக அளப்பதும், விசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசிப்பதும்தான். வழுக்குகிற எதையும் இறுக்கித்தான் நிறுத்த வேண்டும் என்ற பழக்கத்தை நாம் விட வேண்டும்.

மோட்டார் மாட்டியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றே அடாப்டரிலிருந்து ஹப் வரை ஒரே நேர்கோடாகப் பெயின்ட் தீட்டுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அடாப்டர் நகர்கிறது என்று பொருள். வண்டியை எடுக்காமல் கழற்றி அளந்து பாருங்கள். இனிமேல்தான் மாட்டப்போகிறவர்கள், பேட்டரிக்கு விலை கேட்கும் முன் பின்சக்கரத்தின் ஹப்பைக் குனிந்து பாருங்கள். முதல் செலவு அந்தச் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் ஆகட்டும். மோட்டார் அதற்குப் பிறகு வரட்டும்.