பழைய பெட்டியும் புதிய பாட்டும்

கைத்தொலைபேசியிலிருந்து புளூடூத் வழியாகச் சிறியதொரு ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்பிக் கேட்பதே இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அவ்வொலி போதாதென்று தோன்றியதும், பளபளக்கும் புதிய பெட்டியொன்றை வாங்கிவிட வேண்டுமென்னும் ஆவல் பிள்ளைகளுக்கு எழுகின்றது. மாதச் சம்பளத்திற் குடும்பம் நடத்துவோர் கடைக்குப் புறப்படுமுன் அலுமாரியின் மேற்றட்டைச் சற்றே நோக்குதல் நன்று. கசெற் காலத்து ஸ்டீரியோ அம்பிளிபயரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் அங்கே தூசி படிந்து கிடக்குமாயின், செலவிற் பெரும்பகுதி முன்னரே முடிந்துவிட்டதென்று கொள்ளலாம். இணையத்திலிருந்து பாட்டைக் கொணரும் கருவி இன்று மலிவு. நல்ல ஸ்பீக்கர் மலிவன்று. ஆகவே, கையிலுள்ள பணம் முதலில் ஸ்பீக்கருக்கே உரியதென்பது நமது கருத்து.

ஸ்பீக்கரின் துணி முகப்பைக் கழற்றிப் பாருங்கள். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரைப்பஞ்சினால் ஆனதாயின், நமது நாட்டு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் அது உதிர்ந்து போயிருத்தல் கூடும். இதைக் கண்டு ஸ்பீக்கரையே எறிந்துவிடுவோர் பலர். எறிதல் வேண்டா, வளையத்தை மட்டும் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். அடுத்து, அம்பிளிபயரின் சிவப்பு முனையிலிருந்து வரும் கம்பி இரு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு முனைக்கே செல்கின்றதா என நோக்குக. ஒன்றில் மட்டும் மாறியிருப்பின் மிருதங்கத்தின் கனம் குன்றும். பாடகரின் குரல் நடுவில் நில்லாது எங்கோ சிதறி ஒலிக்கும். ஸ்பீக்கர்கள் இரண்டும் இருந்து கேட்போரின் செவி உயரத்தில், அவரோடு சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணம் அமையுமாறு நிற்றல் வேண்டும். இவற்றுக்குச் சதமும் செலவில்லை. விலையுயர்ந்த கம்பி வாங்குவதாலோ பயனேதும் இல்லை.

தொலைபேசியை அம்பிளிபயருடன் இணைக்கும்போது ‘ஒக்ஸ்’ எனக் குறித்த துளைகளையே பயன்படுத்துக. இசைத்தட்டுக்குரிய ‘போனோ’ துளை மிக நுண்ணிய மின்னலையைப் பன்மடங்கு பெருக்குவதாகையால், அதிற் செருகினால் ஒலி அலங்கோலமாகும்.

ஆயினும் தொலைபேசியையே பாட்டுப் பெட்டியாக்குவதில் ஒரு தொல்லை உண்டு. அழைப்பு வந்தாற் பாட்டு நின்றுவிடும். மகளுக்குப் பாடம் பார்க்கத் தொலைபேசி வேண்டுமெனின் தந்தை பாட்டைத் துறக்க வேண்டும். வீட்டில் ஒரே தொலைபேசி உள்ளவர்க்கு இது சிறு விடயமன்று. இங்கேதான் தனிக்கருவி உதவுகின்றது. 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மாணவர்களுக்கெனத் தோன்றிய ராஸ்பெரி பை என்னும் சிறு கணனியின் ‘சீரோ 2 டபிள்யூ’ வகை, 2021இல் 15 டாலருக்கு வெளிவந்தது. எண்களை ஒலியலையாக மாற்றும் சிறு கருவியொன்றும், நினைவட்டையும், மின்கருவியும் இதற்கு வேண்டும். ‘மூட்’ என்னும் மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணனி இருப்போர்க்கு இந்த 15 டாலரும் மிச்சம். ஸ்பொட்டிபையிற் கட்டணம் செலுத்துவோர், பாட்டைத் தெரிவு செய்தபின் தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிடலாம். கணனி தானே பாட்டை இழுத்துக்கொள்ளும்.

இனி, ‘24 பிட்’ என்று விளம்பரம் செய்யப்படும் உயர்தரத்தைப் பற்றி. குறுந்தட்டு ஒரு விநாடியை 44,100 கூறுகளாக்கி, ஒவ்வொன்றையும் 16 பிட்டில் எழுதுகின்றது. மனிதச் செவிக்கு அது போதும். 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்துப் பாடல்களுக்கு 24 பிட் தேடுவது, மங்கிய பழம்படத்தைப் பெரிய சட்டத்துள் இடுவது போன்றதே. டேட்டாவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விநாடிக்கு 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் 144 மெகாபைட் செல்லும். சுருக்காத குறுந்தட்டுத் தரமாயின் ஏறக்குறைய 635. இழப்பின்றிச் சுருக்கும் முறையில் இதிற் பாதிக்குச் சற்று மேலாகும். அடிக்கடி கேட்கும் பாடல்களை இரவு நேர டேட்டாவில் இறக்கி வைத்துக்கொள்வோர் இக்கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.