கொரோனா வராதவர்கள் பட்ட பாடு



கொரோனா காலம் என்றதும் ஆக்சிஜன் சிலிண்டரும், ரெம்டெசிவிர் மருந்துக்காக நின்ற வரிசையும்தான் நினைவுக்கு வருகின்றன. தொற்று அண்டாமலேயே அந்த நாட்களில் அடிபட்டவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. வயிற்றுப்புண்ணாலோ கல்லீரல் சுருக்கத்தாலோ உள்ளுக்குள் ரத்தம் கசிந்தவர்கள் அவர்களில் ஒரு சாரார்.

இரைப்பையில் ரத்தம் கசியும்போது பல சமயம் வலியே இருக்காது. மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போகும். எழுந்து நின்றால் கண் இருட்டும். 'உடம்புச் சூடு, மோர் குடித்தால் சரியாகிவிடும்' என்று இரண்டு நாள் கடத்துவது நம் வீடுகளில் புதிதல்ல. 2020 மார்ச் 25-க்குப் பிறகு அப்படிக் கடத்தக் காரணங்கள் கூடிவிட்டன. பஸ் ஓடவில்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றிக்கொள்ளுமோ என்ற பயம்.

அந்தப் பயம் மருத்துவர்களுக்கும் இருந்தது. கசிவைக் கண்டறியும் எண்டோஸ்கோப்பி குழாய் தொண்டையில் இறங்கும்போது நோயாளி இருமுவார், குமட்டுவார். எச்சில் துளிகள் எதிரில் நிற்பவர் முகத்துக்கு நேராகத் தெறிக்கும். அதனால் அவசர எண்டோஸ்கோப்பிகளைத் தவிர மற்றவற்றை நிறுத்திவைக்கும்படி பல நாடுகளின் மருத்துவச் சங்கங்கள் அறிவுறுத்தின. பிரிட்டனில் ஒரு கட்டத்தில் எண்டோஸ்கோப்பிகள் வழக்கமான எண்ணிக்கையில் 5 சதவீதத்துக்கு இறங்கின. ரத்தக்கசிவோடு வருபவருக்குக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அது தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

பெருந்தொற்று உச்சத்தில் இருந்தபோது நியூயார்க் மருத்துவர்கள் தங்களிடம் வந்த ரத்தக்கசிவு நோயாளிகளை முந்தைய காலத்தவரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வந்தவர்கள் குறைவு; வந்தவர்களின் ஹீமோகுளோபினோ முன்பைவிடத் தாழ்ந்திருந்தது. ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும் கூடியிருந்தது. நோய் குறையவில்லை, வருவதுதான் தாமதமானது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. நம் ஊரிலோ, கல்லூரிகள் மூடி, ரத்ததான முகாம்கள் நின்றுபோன நேரத்தில் ஒவ்வொரு யூனிட் ரத்தத்துக்கும் உறவினர்கள் அலைய வேண்டியிருந்தது.

கல்லீரல் சுருங்கியவர்களின் நிலை இன்னும் சிக்கல். அவர்களின் உணவுக்குழாயில் புடைத்திருக்கும் ரத்தக்குழாய்களுக்கு ரப்பர் வளையம் மாட்டுவதை 'பேண்ட் போடுவது' என்பார்கள். ஒரு முறையோடு முடியாது. சில வார இடைவெளியில், அவை மறையும்வரை போட வேண்டும். இடையில் விட்டால் மறுபடி ரத்த வாந்தி வரும் ஆபத்து அதிகம். தேதி குறித்துச் செய்வது என்பதாலேயே, தள்ளிவைக்கக்கூடியதாக அது பல இடங்களில் தோன்றிவிட்டது.

அன்று யாருக்குப் போன் செய்தாலும் முதலில் ஓர் இருமல் சத்தம், பிறகு அறிவிப்பு. கையைக் கழுவச் சொன்ன அந்தக் குரல், 'ரத்த வாந்தி, நெஞ்சுவலி என்றால் காத்திருக்காதீர்கள், உங்களுக்குத் தனி வழி இருக்கிறது' என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 'வீட்டில் இருங்கள்' என்று உரக்கச் சொல்லும் அரசு, எப்போது வீட்டில் இருக்கக் கூடாது என்பதையும் அதே அளவு உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்து வருவது கிருமியோ பெருவெள்ளமோ, இந்த ஏற்பாடு இப்போதே தயாராக இருப்பது நல்லது.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். இரைப்பையைப் புண்ணாக்குவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்தான். அதுதான் காரணமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். கூடவே தலைசுற்றலோ ரத்த வாந்தியோ இருந்தால் விடியும்வரை பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஊரடங்கு நாட்களில் வேறு நோய்க்காக மருத்துவம் தேடி அலைந்த அனுபவம் உங்கள் வீட்டிலும் இருக்கும். எழுதி அனுப்புங்கள். எந்த வழி அடைபட்டது, யார் கைகொடுத்தார்கள் என்ற விவரங்களோடு வரும் கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்